ஒட்டுக் கட்டும் வீட்டுப் பெண்ணும் திராட்சை ஆராய்ச்சியும்

அண்ணா, வணக்கம்.

போன வாரம் பாப்பாவைக் கூட்டிக்கொண்டு கிருஷ்ணகிரிக்கு வந்தபோது நீங்கள் கேட்ட கேள்விக்கு நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. வெளியே நாலைந்து பேர் காத்திருந்தார்கள். அவசரத்தில் கல்லூரிப் பெயர்களைச் சீட்டில் எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டேன். ஆனால் நீங்கள் கேட்டது மனதிலேயே நின்றுவிட்டது. "சந்தூர்ல பாதிப் பேரு மாங்கன்னு ஒட்டுக் கட்டித்தாங்க பொழைக்கிறோம். இவங்க அம்மாவே வேகமா கட்டுவா. அதையே திராட்சையில செய்யறதுக்கு எதுக்குங்க ஒம்பது வருசப் படிப்பு?"

நியாயமான கேள்விதான். பதில் இதுதான். நீங்கள் நீலம் என்ற மா ரகத்தில் குச்சி எடுத்து ஒட்டுக் கட்டினால் அது நீலமாகத்தான் காய்க்கும். அப்படிக் காய்க்க வேண்டும் என்றுதான் கட்டுகிறீர்கள். பாப்பாவுக்கு ஆசை வந்திருப்பதோ இதுவரை எந்தத் தோட்டத்திலும் இல்லாத ஒரு பழத்தை உண்டாக்கும் வேலையில். அதற்கு இரண்டு ரகங்களைக் கலக்க வேண்டும், விதை எடுக்க வேண்டும், அப்புறம் வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். படிப்பு நீளுவது அதனால்தான்.

அந்த வேலை எப்படி நடக்கிறது என்று கொஞ்சம் சொல்கிறேன். திராட்சைப் பூ கடுகு போல இருக்கும், பச்சை நிறம். ஐந்து இதழும் உச்சியில் ஒட்டிக்கொண்டு குல்லாய் மாதிரி மூடியிருக்கும். பூ விரியும்போது அந்தக் குல்லாய் அடிப்பக்கமாகக் கழன்று விழும். விழுந்துவிட்டால் அதன் மகரந்தம் அதன்மேலேயே கொட்டி, தானாகவே காய் பிடித்துவிடும். அதனால் விரிவதற்கு முன்பே கூரான இடுக்கியால் குல்லாயையும் உள்ளே இருக்கும் ஐந்து மகரந்தத் தாள்களையும் எடுத்துவிட வேண்டும். நடுவில் உள்ள சூலகத்தில் கீறல் பட்டால் அந்தப் பூ போச்சு. ஒரு கொத்தில் நூற்றுக்கணக்கான பூக்கள் இருக்கும். முடிந்தவரை செய்துவிட்டு, மீதியைக் கத்தரித்துவிட்டு, காகிதப் பை மாட்டிச் சீட்டுக் கட்டுவார்கள். பிறகு வேறொரு கொடியின் மகரந்தத்தைக் கொண்டுவந்து தூரிகையால் தடவுவார்கள்.

பழுத்ததும் விதை எடுத்து, இரண்டு மூன்று மாதம் குளிரில் வைத்து, முளைக்கப் போடுவார்கள். ஒரே பழத்தின் விதைகள்கூட ஒன்றுபோல் இன்னொன்று இருக்காது. உங்கள் மாங்கொட்டைச் செடி மாதிரிதான். கொடி காய்க்கவே மூன்று வருஷம் போல ஆகும். வளர்க்கும் நாற்றுகளில் பெரும்பகுதியைப் பிடுங்கி எறிவதுதான் நடக்கும். தேறிய சிலவற்றையும் பல ஊர்களில் நட்டு, அடிச்சாம்பல் நோய் தாங்குகிறதா, பழம் வெடிக்கிறதா, கொத்து உதிர்கிறதா என்று பார்த்து, ரகமாக வெளியிடப் பன்னிரண்டு பதினைந்து வருஷம்கூட ஆகலாம்.

விதையில்லாத் திராட்சை இன்னும் கஷ்டம். தாய்க்கொடியே விதையில்லாத ரகம் என்றால் விதைக்கு எங்கே போவது? உள்ளே கரு உண்டாகிப் பாதியில் செத்துவிடுகிறது. அது சாவதற்குள் பிஞ்சை அறுத்து, சூலை எடுத்து, ஆய்வகக் குழாயில் வைத்து வளர்க்கிறார்கள். இதை வீட்டில் கற்றுக்கொள்ள முடியாது அண்ணா.

பெங்களூருவைத் தாண்டி ஹெசரகட்டாவில் இருக்கும் இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தில் இப்படிப் பல ரகங்கள் உருவாகியிருக்கின்றன. பிளாக் சம்பாவையும் தாம்சன் சீட்லெஸையும் கலந்து அர்காவதி, பெங்களூர் புளூவையும் பிளாக் சம்பாவையும் கலந்து அர்கா ஷியாம். நம் கிருஷ்ணகிரியிலிருந்து காலையில் பஸ் ஏறினால் போய்ப் பார்த்துவிட்டு இரவுக்குள் வீடு வந்துவிடலாம்.

பழக்கடைகளில் கோலிக்குண்டைவிடப் பெரிதாக, சிவப்பாக, கொட்டையோடு ஒரு திராட்சை விற்கிறார்களே, ரெட் குளோப். அதை உருவாக்கியவர் அமெரிக்காவில் கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த ஹரால்டு ஓல்மோ. 1948-ல் காட்டுத் திராட்சையைத் தேடி ஈரான், ஆப்கானிஸ்தான் வரை போனவர். வட இந்தியாவில், குறிப்பாகப் பஞ்சாபில் பயிரான பெர்லெட் ரகமும் அவருடையதுதான். அவர் ஓய்வு பெற்றது 1977-ல். ரெட் குளோப் வெளியே வந்தது 1980-ல். பாப்பாவிடம் இதை அவசியம் சொல்லுங்கள். பாடம் நடத்துவதும் மாணவர்களை வளர்ப்பதும் தினசரி வேலை. அதற்குச் சம்பளம் மாதாமாதம் வரும். ரகம் எப்போது வரும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

உங்கள் ஒட்டுக் கத்தியும் வீண் போகாது. மகாராஷ்டிராவில் உப்புத் தண்ணீரும் வறட்சியும் உள்ள இடங்களில் திராட்சையை அதன் சொந்த வேரில் நடுவதைக் குறைத்துவிட்டார்கள். டாக்ரிட்ஜ் என்ற அமெரிக்கக் காட்டுத் திராட்சையை வேர்ச்செடியாக நட்டு அதன்மேல்தான் நல்ல ரகத்தை ஒட்டுகிறார்கள். கொட்டைச் செடியில் நீலம் கட்டும் அதே வித்தைதான். முதல் வருஷ மாணவர்கள் பலர் கத்தியைப் பிடிக்கவே தடுமாறுவார்கள். பாப்பா தடுமாற மாட்டாள்.

இனி படிப்பு. பிளஸ் டூ மதிப்பெண் போதும், நீட் வேண்டாம். கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் கலந்தாய்வில் நாலு வருஷ பி.எஸ்ஸி. தோட்டக்கலை எடுக்கலாம். அரசுப் பள்ளியிலேயே படித்தவள் என்பதால் 7.5 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. அதில் இடம் கிடைத்தால் கட்டணத்தை அரசே ஏற்கிறது. புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் வரும். தனியார் இணைப்புக் கல்லூரிகளுக்குப் பணம் கட்டிச் சேர்ப்பதைப் பற்றி இப்போது யோசிக்காதீர்கள். பல்கலைக்கழகத்தின் சொந்தக் கல்லூரிகளையே பட்டியலில் மேலே வையுங்கள்.

எந்தக் கல்லூரி? பக்கத்திலேயே ஜீனூர் தோட்டக்கலைக் கல்லூரி இருக்கிறதே என்றீர்கள். குறை சொல்ல மாட்டேன், மாம்பழத்துக்கு அது நல்ல இடம். ஆனால் திராட்சைதான் என்றால் என் ஓட்டு பெரியகுளத்துக்கு. தமிழ்நாட்டுத் திராட்சை என்றாலே தேனி மாவட்டம், கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சை. திராட்சைக்கென்றே பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையமும் அங்கே ஆனைமலையன்பட்டியில் இருக்கிறது. பந்தலுக்கு அடியில் நின்று கவாத்து செய்யும் விவசாயியோடு பேசுவது வகுப்பில் கிடைக்காது. தூரம் அதிகம்தான், ஒத்துக்கொள்கிறேன்.

அப்புறம் எம்.எஸ்ஸி. இரண்டு வருஷம், பிஎச்.டி. குறைந்தது மூன்று வருஷம். இதற்குள் புனே தேசியத் திராட்சை ஆராய்ச்சி மையத்தையோ ஹெசரகட்டாவையோ எட்டிப் பிடிக்கப் பார்க்க வேண்டும். பேராசிரியர் வேலைக்கான நெட் தகுதித் தேர்வும் உண்டு. அதன் பிறகு உதவிப் பேராசிரியர் அல்லது மத்திய அரசு விஞ்ஞானி. தொடக்க அடிப்படைச் சம்பளம் 57,700 ரூபாய், படிகள் தனி. ஆனால் பணியிடங்கள் குறைவு. அறிவிப்பு வர வருஷக்கணக்கில் காத்திருந்தவர்கள் இருக்கிறார்கள். இதை மறைத்து உங்களுக்கு நம்பிக்கை கொடுக்க எனக்கு மனமில்லை.

கல்யாணத்தைப் பற்றிச் சொன்னீர்கள். ஒன்பது வருஷத்தையும் ஒரே மூட்டையாகப் பார்க்காதீர்கள். பி.எஸ்ஸி. முடிக்கும்போது பாப்பாவுக்கு இருபத்தொன்று, இருபத்திரண்டு வயது. அப்போதே தோட்டக்கலை அலுவலர் பணிக்கு டி.என்.பி.எஸ்.சி. எழுதலாம், வங்கியில் விவசாய அதிகாரி தேர்வு எழுதலாம். எம்.எஸ்ஸி. முடித்தால் பெங்களூரு, ஓசூர் பக்கம் தக்காளி, மிளகாய் விதைக் கம்பெனிகளில் ரகம் உருவாக்கும் வேலையே கிடைக்கலாம். ஒவ்வொரு படியிலும் இறங்க வழி இருக்கிறது. மேலே ஏறுவதா என்பதை அப்போது அவளே முடிவு செய்யட்டும்.

ஒரு விஷயம் எனக்கு உறுத்தலாக இருக்கிறது. முன்பு ஒரு பையனை மதிப்பெண்ணை மட்டும் பார்த்து இதே படிப்புக்கு அனுப்பினேன். வெயிலில் நிற்பதும் ஒரே கொத்தைத் தினமும் எண்ணுவதும் அவனுக்குப் பிடிக்கவே இல்லை. ஒரு நாள்கூட அவனை வயலுக்குக் கூட்டிப் போகாமல் சொன்னது என் தவறு. அதனால் பாப்பா விஷயத்தில் முதலில் ஒன்றைச் செய்து பார்ப்போம்.

இப்போது பிளஸ் ஒன்தானே, நேரம் இருக்கிறது. தை, மாசியில் உங்கள் நீலம் பூக்கும்போது கைக்கு எட்டும் நாலு பூங்கொத்தை அவளிடம் விட்டுவிடுங்கள். பையூர் ஆராய்ச்சி நிலையத்தில் கேட்டால் இடுக்கி பிடிக்கும் விதத்தைச் சொல்லிக்கொடுப்பார்கள். பையூர் 1 மாங்காய் ரகம் அங்கே வந்ததுதான். காலையில் பூவைத் திறந்து, மகரந்தத் தாளை எடுத்து, பெங்களூரா மா ரகத்தின் மகரந்தத்தைத் தடவி, பை மாட்டட்டும். எத்தனை பூவில் செய்தாள், எத்தனை பிஞ்சு நின்றது என்று நோட்டில் எழுதட்டும். ஏறக்குறைய எல்லாமே உதிர்ந்துவிடும், மாம்பூவின் இயல்பு அப்படி. நீங்கள் உதவி செய்ய வேண்டாம், ஆறுதலும் சொல்ல வேண்டாம்.

உதிர்ந்த பிறகு அவள் என்ன கேட்கிறாள் என்று மட்டும் கவனித்துவிட்டு எனக்குப் போன் பண்ணுங்கள். மாசிக் கடைசியில் போச்சம்பள்ளி பக்கம் வர வேண்டிய வேலை இருக்கிறது. அந்த மரத்தையும் நோட்டையும் பார்த்துவிட்டுப் போகிறேன்.