கிராணி கொலை: வாத்தியார் ஏன் வாய் திறக்கவில்லை?

வணக்கம். 19 வயது தற்பாலீர்ப்பு மாணவனுக்குப் பரிந்து பேசும் தமிழ்ப்பள்ளி ஆசிரியர், தோட்டத்துக் கிராணி (எழுத்தர்) கொலையில் மாட்டுகிறார். அதற்குமேல் கதை நகரவில்லை என்று எழுதியிருந்தீர்கள்.

முதல் சிக்கல் பள்ளி. இங்கே மலேசியாவில் தமிழ்ப்பள்ளி ஆறாம் ஆண்டோடு சரி. 19 வயதுப் பையன் இடைநிலைப்பள்ளியில் படிவம் 6-இல் இருப்பான். இவரை அவனுடைய பழைய வாத்தியாராக்குங்கள். "இவருக்கென்ன அக்கறை?" என்று லயமே (தோட்டக் குடியிருப்பே) முணுமுணுக்கும், சந்தேகம் தானாக வரும்.

இயற்கைக்கு மாறானது என்று சட்டம் சொல்லும் உடலுறவுக்குத் தண்டனைச் சட்டம் 377பி: 20 ஆண்டுவரை சிறை, பிரம்படியும் உண்டு. அது தண்டிப்பது செயலைத்தான், ஈர்ப்பை அல்ல. சாப்பாட்டுக்கடை பெஞ்சில் அதை யார் பிரித்துப் பார்க்கிறார்கள்? சம்பவ இரவில் பையனின் கண்ணீரைத் துடைத்துக்கொண்டிருந்த வாத்தியார், அவன் ரகசியம் வெளிவருமென்றே வாய் திறக்கவில்லை.

கொலை விசாரணையில் தடுப்புக் காவல் 7 நாள், நீட்டித்தால் இன்னும் 7. அதற்குள் கொலையாளியைப் பிடியுங்கள். துப்பாக்கி வேண்டாம், செம்பனை அரிவாள் போதும்.