கேளுங்க அண்ணாச்சி: சின்னக் கடைக்கு ஜப்பான் லுக்கு

கேள்வி: அண்ணாச்சி, பாளையங்கோட்டையில 12க்கு 24 அடி கடை ஒண்ணு பிடிச்சிருக்கேன், ராமென்னு சொல்ற ஜப்பான் சூப்பு நூடுல்ஸ், சூஷி ரெண்டுதான் மெனு. மினிமலிஸ்ட்டா வேணும்னு சொன்னா டிசைனர் சிவப்பு லாந்தர், செர்ரி பூ வால்பேப்பர், ஃபூஜி மலை படம்னு ட்ராயிங் போட்டுத் தந்திருக்காரு. சரியா வருமா?

பதில்: தம்பி, அது ரிசப்ஷன் மேடைக்கு சரியா வரும், ஒங்க கடைக்கு வேண்டாம். மினிமல்னா சாமான் கம்மின்னு எல்லாரும் நெனைக்காவ, ஓட்டல் நடத்துறவனுக்கு சாமான் எப்படி கம்மியாகும், தண்ணி கேன், பார்சல் டப்பா, பில் மிஷினு, இன்வெர்ட்டர், ஏசி பைப்பு எல்லாம் இருக்கத்தான செய்யும், அத கண்ணுல படாம அடக்குறதுதான் வேலையே. லாந்தருக்கு வச்ச காச ஆசாரிகிட்ட குடுங்க. ஒரு பக்கச் செவுரு பூரா ஒன்றரை அடி ஆழத்துல கபோர்டு, தரையில இருந்து சீலிங் வரைக்கும், கைப்பிடி இல்லாத கதவு, செவுத்துக்கு அடிக்கிற அதே கலரு.

டேபிளே வேண்டாம். பின்னாடி 8 அடி கிச்சனுக்கு, வாசல்ல 2 அடி விட்டா மிச்சம் 14 அடிக்கு ஒரே கவுண்டர், ஆளுக்கு 2 அடின்னு ஏழு பேர் உக்காரலாம். அகலத்துல சமைக்கிறவர் நிக்க 3, கவுண்டர் இரண்டரை, ஸ்டூலுக்கு 2, நடக்க 3, கபோர்டு ஒன்றரை, 12 அடி கணக்கு சரியாப் போச்சு. குடும்பமா வாரவங்க கொஞ்சம் மூஞ்சியச் சுளிப்பாவ, ஆனா ஜப்பான்லயும் நெறைய ராமென் கடை இப்படித்தான், சாப்பிட்டதும் எந்திரிச்சிருவாங்க.

ராமென் சூப்பு மணிக்கணக்கா கொதிக்கும், அதனால மொதல்ல எக்ஸாஸ்ட், அப்புறந்தான் பெயிண்ட், இல்லன்னா வெள்ளச் செவுரு எண்ணப் பிசுக்காகிரும். தரைக்கு நம்ம பழைய வீட்டு சிவப்பு சிமெண்டே போதும். லைட்டு 2700 கெல்வின், அதாவது மஞ்ச வெளிச்சம், பல்பு கண்ணக் குத்தாம கிண்ணத்து மேல மட்டும் விழணும். செவுத்துல ஒரே ஒரு மாடம் விட்டு காருகுறிச்சி மண்சாடி ஒண்ணு, அதுல ஒரு கொப்பு, அவ்வளவுதான், அந்த ஃபூஜி மலைய விட்டுருங்க. வாசல்ல நோரென் தொங்க விடுங்க, நடுவுல கிழிசல் விட்ட குட்டைத் திரை, ஜப்பான்ல அது தொங்குனா கடை திறந்திருக்குன்னு அர்த்தம், கடைய அடைக்கையில கழட்டி உள்ள வச்சிருவாங்க. பருத்தித் தறித்துணியில தச்சா போதும்.

கேள்வி: ஜப்பான்ல தரையில போடுற தத்தாமி பாய்க்கு பதிலா பத்தமடைப் பாய் விரிக்கலாமா?

பதில்: தரையில வேண்டாம். தத்தாமி ரெண்டு இஞ்சு கனம், பாரம்பரியமா உள்ள வைக்கோல் அடைச்சிருப்பாங்க, நம்ம கோரைப்பாய் மெல்லிசு, ஒரு கிண்ணம் சூப்பு கவுந்தா வாடை போவாது. கபோர்டு கதவுச் சட்டத்துக்குள்ள அடிச்சு விடுங்க, அழகா இருக்கும். அதுக்கு சாதாப் பாய் போதும், பேர் போட்ட பட்டுப்பாயெல்லாம் கல்யாண வீட்டுக்கு.