காதில் இரைச்சல், கண்ணில் மங்கல்: நாள்பட்ட லுகேமியா இப்படியும் தொடங்குமா?

கேள்வி: தம்பிக்கு வயது 34. பத்து நாளாக வலது காதில் இரைச்சல், காதும் சரியாகக் கேட்கவில்லை, பார்வையும் மங்கல். ரத்தப் பரிசோதனையில் வெள்ளையணு 3,20,000, ஹீமோகுளோபின் 7.8, பொட்டாசியம் 7.1. 'சிஎம்எல்' (நாள்பட்ட மைலாய்டு லுகேமியா என்ற ரத்தப் புற்றுநோய்) என்கிறார்கள். நோய் மூளைக்குப் பரவிவிட்டதா?

பதில்: இந்த எண்ணிக்கையில் முதலில் சந்தேகிக்க வேண்டியது பரவலை அல்ல, நெரிசலை. வெள்ளையணு லட்சக்கணக்கில் பெருகினால் ரத்தம் கெட்டிப்படும். உள்காது, விழித்திரை போன்ற இடங்களின் நுண்குழாய்களில் ஓட்டம் தடைபடும். கண் மருத்துவர் விழித்திரையைப் பார்த்தால் புடைத்து நெளிந்த சிரைகளும், நடுவில் வெண்புள்ளி உள்ள ரத்தக்கசிவுகளும் தெரியலாம். தலைவலி, குழப்பம், மூச்சுத்திணறல் சேர்ந்தால் உடனே மருத்துவமனைதான். ஆண்குறி விறைப்பு 4 மணி நேரம் தாண்டினாலும் அப்படியே. அதுவும் இதே நெரிசலின் வேலை. வெட்கப்பட்டு மறைத்தால் நிரந்தர பாதிப்பு மிஞ்சும்.

நோயை உறுதிசெய்யும் பிசிஆர் (PCR) மரபணுப் பரிசோதனையின் முடிவு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. சிரைவழித் திரவம், யூரிக் அமிலத்துக்கு அலோபியூரினால், எண்ணிக்கையை இறக்க ஹைட்ராக்ஸியூரியா என்று தொடங்கிவிடலாம். பார்வை, செவி பாதிப்பு இருப்பதால் லூக்காஃபெரசிஸ் பற்றியும் கேளுங்கள். இயந்திரம் வெள்ளையணுக்களைப் பிரித்தெடுத்து மீதி ரத்தத்தைத் திருப்பித் தரும், பலன் தற்காலிகம்தான்.

இரண்டு இடத்தில் தவறு நேரும். ஒன்று, ஹீமோகுளோபின் குறைவு என்று அவசரமாக ரத்தம் ஏற்றுவது. ஏற்கெனவே கெட்டியான ரத்தம் மேலும் கெட்டியாகும். இரண்டாவது அந்தப் பொட்டாசியம். ரத்தம் எடுத்த பரிசோதனைக் குழாயிலேயே வெள்ளையணுக்கள் உடைந்து எண்ணைப் பொய்யாக ஏற்றியிருக்கலாம். ஈசிஜி எடுக்கட்டும், புது மாதிரியைக் கையிலேயே கொண்டுபோய் உடனே பார்க்கட்டும். பொய் எண்ணுக்கு மருந்து கொடுத்தால் உண்மையான பொட்டாசியம் தாழ்ந்து இதயத்துடிப்பு தடுமாறும்.

அந்தப் பிசிஆர் பரிசோதனையில், இந்த நோயை உண்டாக்கும் பிசிஆர்-ஏபிஎல் (BCR-ABL) மரபணு உறுதியானதும் மாத்திரை. நாள்பட்ட நிலைக்கு வழக்கமாக இமாட்டினிப் 400 மி.கி., தினம் ஒரு வேளை, சாப்பாட்டுடன், ஒரு பெரிய டம்ளர் தண்ணீரோடு. வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும். நைலோட்டினிப் என்றால் நேர்மாறு: சாப்பிட்டு 2 மணி நேரம் கழித்து, அடுத்த 1 மணி நேரம் சாப்பிடாமல்.

பார்வை பெரும்பாலும் தேறும். செவியைப் பற்றி அப்படி உறுதி சொல்ல முடியாது, அதனால் இப்போதே ஆடியோகிராம் (கேட்கும் திறன் பரிசோதனை) எடுத்து வையுங்கள். வெள்ளையணு சில வாரங்களில் சீராகிவிடும். நோய் போய்விட்டதாக நினைத்துப் பலர் மாத்திரையை விடுவது அப்போதுதான். விடக்கூடாது. ரத்தத்தில் அந்த BCR-ABL மரபணு அளவு 3 மாதத்தில் 10 சதவீதத்துக்குள், 12 மாதத்தில் 0.1 சதவீதத்துக்குள் வர வேண்டும். ஒவ்வொரு முறையும் ஒரே ஆய்வகத்தில் பாருங்கள். ஆய்வகம் மாறினால் எண்களை ஒப்பிடுவது சிரமம்.