பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்களின் அரிய சிலிண்டர் ஹெட்கள்: கேள்வி பதில்

எம்ஜி, ஆஸ்டின்-ஹீலி, அல்லார்ட், லோட்டஸ் போன்ற கார்களுக்குத் தொழிற்சாலைக்கு வெளியே வார்க்கப்பட்ட அலுமினிய ஹெட்களைப் பற்றி வந்த கேள்விகளும் என் பதில்களும் இவை. ஹெட் என்பது எஞ்சின் பிளாக்கின் மேல் அமர்ந்து சிலிண்டர்களை மூடும் பாகம்.

எம்ஜிபி காரின் சொந்த இரும்பு ஹெட்டில் என்ன குறை? காற்றும் புகையும் போகும் துளைகளைத் தேய்த்துப் பெரிதாக்கினால் போதாதா?

பெரும்பாலானவர்களுக்குப் போதும். ஆனால் குறை எங்கே என்று தெரிந்துகொண்டு தேய்க்க வேண்டும். எம்ஜிபியின் பி-சீரிஸ் எஞ்சினில் நான்கு சிலிண்டர்களுக்கு உள்ளிழுக்கும் துளைகள் இரண்டுதான். 1-உம் 2-உம் ஒன்றைப் பகிர்கின்றன. 3-உம் 4-உம் மற்றொன்றை. எரியும் வரிசை 1-3-4-2. எனவே 2 உறிஞ்சியதும் அதே துளையிலிருந்து 1 உறிஞ்சும். பிறகு கிராங்க் ஏறத்தாழ 360 டிகிரி சுற்றும் வரை அந்தத் துளைக்கு வேலையில்லை. வால்வு 180 டிகிரிக்கும் மேலாகத் திறந்திருப்பதால் ஒரு சிலிண்டர் முடிப்பதற்குள் அடுத்தது தொடங்கிவிடுகிறது. ஒன்றின் பங்கை மற்றது பறிக்கிறது. வால்வுகளை இன்னும் அதிக நேரம் திறந்துவைக்கும் வீரியமான கேம்ஷாஃப்ட் போட்டால் இந்தப் பறிப்பு இன்னும் கூடும். எவ்வளவு தேய்த்தாலும் இது தீராது, ஏனெனில் கோளாறு துளையின் அளவில் இல்லை, அமைப்பில் இருக்கிறது. உள்ளே வரும் வழியும் வெளியே போகும் வழியும் எஞ்சினின் ஒரே பக்கத்தில் இருப்பது அடுத்த தடை.

அந்த ஹெட்டைக் குறைத்து மதிப்பிடவும் கூடாது. இரண்டு வால்வுகளுக்கும் இடையே மூக்கு நீட்டிய அதன் இதய வடிவ எரியறை, சசெக்ஸின் ரை நகரில் பணியாற்றிய ஹாரி வெஸ்லேக்கின் கைவண்ணம். காற்றோட்டத்தை ஊகிக்காமல் அளந்து பார்த்து ஹெட் வடித்த முன்னோடி அவர்.

லண்டனிலிருந்து: எச்ஆர்ஜி-டெரிங்டன் ஹெட் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. வெறும் ஹெட் மட்டும்தான். வாங்கலாமா?

வெறும் ஹெட்டாக இருந்தால் அவசரப்படாதீர்கள். டால்வொர்த்தில் ஸ்போர்ட்ஸ் கார் செய்துகொண்டிருந்த எச்ஆர்ஜி நிறுவனமும் கிங்ஸ்டனில் உதிரிபாகம் விற்ற டெரிங்டனும் சேர்ந்து தந்த அலுமினிய கிராஸ்ஃப்ளோ ஹெட் அது. காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் புகையாக வெளியேறும். இதனால் வழக்கமான எம்ஜி மேனிஃபோல்டு (காற்றையும் புகையையும் கடத்த ஹெட்டில் பூட்டும் குழாய்த்தொகுதி) எதுவும் அதற்குப் பொருந்தாது. மேனிஃபோல்டுகள் கிடைக்காவிட்டால் அச்சு செய்து வார்க்க வேண்டும். ஹெட்டின் விலையை அந்தச் செலவு எட்டிவிடக்கூடும். வலப்பக்கம் ஸ்டியரிங் உள்ள காரில் ஸ்டியரிங் தண்டும் டிஸ்டிரிபியூட்டரும் ஏற்கனவே வலப்பக்கத்தை அடைத்துக்கொண்டிருக்கின்றன. இடம் இருக்கிறதா என்று முதலில் அளந்து பாருங்கள்.

விற்பவரிடம் மூன்றைக் கேளுங்கள்: நீரழுத்தச் சோதனையின் முடிவு, ஹெட்டின் இப்போதைய தடிமன், மேனிஃபோல்டுகளும் வால்வுகளை அழுத்தித் திறக்கும் ராக்கர் பாகங்களும் எங்கே என்பது. சோதனைக்கு அவர் சம்மதிக்காவிட்டால், விரிசல் விட்ட ஹெட்டுக்கு என்ன தருவீர்களோ அந்த விலையைச் சொல்லுங்கள்.

சென்னையிலிருந்து: எங்கள் அம்பாசடரின் 1489 சிசி எஞ்சினும் பி-சீரிஸ்தானே? எம்ஜிபி ஹெட் பொருந்துமா?

ஆம், உங்கள் எஞ்சின் 1955-இல் வந்த எம்ஜிஏவின் எஞ்சினுக்கு உடன்பிறப்பு. எம்ஜிபி ஹெட்டை அதன் மேல் உட்கார வைக்கலாம். ஆனால் உங்கள் போர் (சிலிண்டரின் உள்விட்டம்) ஏறத்தாழ 73 மில்லிமீட்டர், எம்ஜிபியின் போர் 80.26. எம்ஜிபியின் பெரிய வால்வு திறக்கும்போது பிளாக்கின் விளிம்பில் இடிக்கலாம். ஒப்புக்காகப் பூட்டி, வால்வுக்கும் பிளாக்குக்கும் நடுவே களிமண் வைத்துக் கையால் சுற்றிப் பாருங்கள். இடித்தால் பிளாக்கின் மேல்விளிம்பில் பள்ளம் எடுக்க வேண்டும்.

கம்ப்ரஷன் கணக்கையும், அதாவது எரிகலவை எத்தனை மடங்கு அமுக்கப்படுகிறது என்பதையும், போடுங்கள். பிஸ்டன் உச்சிக்கு வரும்போது மேலே எஞ்சும் மொத்த இடம் 50 சிசி என்று வைத்துக்கொண்டால், 1798 சிசி எஞ்சினில் ஒரு சிலிண்டர் 449.5 சிசி, விகிதம் 10-க்கு 1. அதே 50 சிசி உங்கள் 372 சிசி சிலிண்டரின் மேல் அமர்ந்தால் விகிதம் 8.4 மட்டுமே. பெரிய ஹெட்டைப் போட்ட பிறகு வண்டி முன்பைவிட மந்தமாகிவிட்டது என்று சொல்பவர்களில் பலர் இந்தக் கணக்கைப் போடாதவர்கள். கண்ணாடித் தகடு வைத்து மூடி, பியூரெட்டால் எண்ணெய் விட்டு எரியறையை அளந்துவிடுங்கள். ஒரு மாலை நேர வேலைதான்.

அலுமினிய ஹெட் எளிதில் கெட்டுவிடும் என்று பயமுறுத்துகிறார்கள். உண்மையா?

கெடுவது உலோகத்தின் குற்றமில்லை, பராமரிப்பின் குற்றம். சூடேறினால் அலுமினியம் இரும்பைவிட ஏறத்தாழ இரு மடங்கு விரிகிறது. கீழே பிளாக் இரும்பு, நடுவில் ஹெட்டைப் பிடிக்கும் எஃகு ஸ்டட்கள் (திருகுத் தண்டுகள்), மேலே அலுமினியம். குழாய்த் தண்ணீர் மட்டும் ஊற்றி ஓட்டினால் இந்த உலோகங்களுக்கிடையே மின்வேதி அரிப்பு தொடங்கி, தண்ணீர்த் துளைகளின் ஓரத்தை முதலில் தின்னும். ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே கசிவைத் தடுக்கும் கேஸ்கெட் பிடிக்க வேண்டிய இடமும் அதுதான். அரிப்புத் தடுப்பான் கலந்த கூலன்டைக் கனிமம் நீக்கிய தண்ணீரோடு சேர்த்து ஊற்றுங்கள்; உறைபனி இல்லாத ஊரிலும் அது தேவை. நாளானால் தடுப்பான் தீர்ந்துபோகும் என்பதால் காலம் தவறாமல் மாற்றுங்கள்.

ஒருமுறை கடுமையாகச் சூடான ஹெட்டை வெறுமனே மட்டம் சீவிப் போடக் கூடாது. மிகையான வெப்பத்தில் அலுமினியம் இளகி வலுவிழந்துவிடும். பார்வைக்கு நன்றாக இருக்கும், முடுக்கினால் நட்டின் அடியில் அமுங்கும். கடினத்தன்மையை அளக்கும் கருவி பட்டறையில் இருந்தால் பல இடங்களில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். வால்வு மூடும்போது அமரும் இருக்கை வளையங்கள் தளர்ந்திருக்கின்றனவா என்றும் பாருங்கள். ஓடும்போது ஒரு வளையம் கழன்றால் பிஸ்டனோடு எல்லாம் போய்விடும்.

ஸ்டட்டில் இறுகிய ஹெட்டை எடுக்கக் கேஸ்கெட் இடுக்கில் ஸ்க்ரூடிரைவர் செருகி நெம்புபவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. ஊடுருவும் எண்ணெயை விட்டு இரண்டு மூன்று நாள் காத்திருங்கள். இரண்டு நட்டுகளை ஒன்றோடொன்று பூட்டி ஸ்டட்டைச் சுழற்றி எடுங்கள். மறுபடி வார்க்கப்படாத பொருளுக்கு அந்தப் பொறுமையாவது காட்ட வேண்டும்.

ஈயமில்லாப் பெட்ரோல் ஒத்துக்கொள்ளுமா?

அலுமினிய ஹெட்டில் தனி இருக்கை வளையங்கள் இருக்கும். அவை கடினமானவையாக இருந்தால் கவலையில்லை. நேரடியாக இரும்பில் வெட்டிய இருக்கைகள்தான் வேகமாக ஓட்டும்போது தேய்ந்து உள்வாங்கும். அடுத்த முறை ஹெட்டை இறக்கும்போது வளையம் போட்டுவிடுங்கள்.

ஃபோர்டின் 1172 சிசி பக்கவால்வு எஞ்சினுக்கு எல்வா ஹெட் என்று ஒன்று உண்டாமே?

உண்டு, எனக்கு மிகவும் பிடித்ததும் அதுதான். பெக்ஸ்ஹில்லில் எல்வா கார்களைச் செய்த ஃபிராங்க் நிக்கோல்ஸின் தயாரிப்பு. பக்கவால்வு எஞ்சினில் வால்வுகள் எல்லாம் பிளாக்கிலேயே இருக்கும். உள்ளிழுக்கும் வால்வுகளை மட்டும் ஹெட்டுக்கு மேலே ஏற்றி, வெளியேற்றும் வால்வுகளைப் பிளாக்கிலேயே விட்டுவிட்டார்கள். எஞ்சினின் மூச்சுத் திணறல் எங்கே அதிகமோ அங்கே மட்டும் கை வைத்த அறிவு அது. வில்மென்ட் ஹெட்டும் இதே வழிதான். அக்வாபிளேன் பெயரில் வந்தவற்றில் எளிதில் கிடைப்பது பக்கவால்வுக்கான அலுமினிய ஹெட். அது கம்ப்ரஷனைக் கூட்டும், வால்வின் இடத்தை மாற்றாது. பெயரை மட்டும் கேட்டு ஒன்றுக்குப் பதில் மற்றொன்றை வாங்கிவிடாதீர்கள்.

அல்லார்டில் ஆர்டன் ஹெட் பார்த்தேன். அது அமெரிக்கப் பொருள் அல்லவா?

பிறந்தது நியூயார்க்கில், 1947-இல். வடித்தவர் சோரா ஆர்க்கஸ்-டன்டோவ். பெயரும் அவருடைய பெயரின் சுருக்கம். ஃபோர்டின் பக்கவால்வு வி8-இல் சூடான புகை பிளாக்கின் வழியாகவே வெளியேறும்; தண்ணீர் கொதிக்கும். அரைக்கோள எரியறையும் மேல்வால்வும் கொண்ட ஆர்டன் ஹெட் புகையைப் பிளாக்கிற்குள் விடாமல் மேலேயே திருப்பியது. பின்னர் டன்டோவ் லண்டனுக்கு வந்து, அல்லார்ட் கார்களைச் செய்த சிட்னி அல்லார்டிடம் வேலை செய்தார். 1952-லும் 1953-லும் லே மான் பந்தயத்தில் டன்டோவ் அல்லார்ட் காரை ஓட்டினார். ஆகவே ஒரு அல்லார்டில் ஆர்டன் இருந்தால் அது வரலாற்றுக்குப் பொருந்தும். எஞ்சின் மிக அகலமாகிவிடும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

ஆஸ்டின்-ஹீலி 100எஸ் ஹெட்டின் நகல் போட்டால் காரின் மதிப்பு கெடுமா?

100எஸ் 1955-இல் ஐம்பது சொச்சம் மட்டுமே செய்யப்பட்டது. வெஸ்லேக்கின் அலுமினிய ஹெட்டோடு 132 குதிரைத்திறன்; சாதாரண 100-இல் 90. சாதாரணக் காரில் நல்ல நகலைப் போட்டு ஓட்டுங்கள், ஆவணத்தில் நகல் என்று எழுதிவையுங்கள். சொந்த இரும்பு ஹெட்டை எண்ணெய் பூசிப் பத்திரப்படுத்துங்கள். நகலை அசல் என்று விற்பதைத்தான் நான் எதிர்க்கிறேன். அசல் 100எஸ் ஹெட் கையில் இருந்தால் பந்தயத்துக்கு நகலையும் அலமாரிக்கு அசலையும் ஒதுக்குவேன்.

பூட்டிய பிறகு மறுபடி முடுக்க வேண்டுமா?

கேஸ்கெட் செய்தவர் வேண்டாம் என்று எழுதியிருந்தால் வேண்டாம். மற்றபடி ஒருமுறை சூடாக்கி, முழுவதும் ஆறவிட்டு, நடுவிலிருந்து வெளிப்புறமாக, ஒவ்வொரு நட்டையும் சிறிது தளர்த்தி மறுபடி குறித்த அளவுக்கு முடுக்குங்கள். முடுக்கிய பின் வால்வு இடைவெளி மாறியிருக்கும். அதையும் சரிபார்த்த பிறகே வண்டியை வெளியே எடுங்கள்.