லண்டன் போக ஆறரை மணி நேரம், திரும்பி வர பதினாலரையா?

கேள்வி: பொண்ணோட பிரசவத்துக்காக ஜூன்ல நானும் வீட்டுக்காரரும் லண்டன் போறோம். டிக்கெட்ல சென்னைல காலைல 5.30க்கு கிளம்பி மதியம் 12க்கு போய்ச் சேரும்னு இருக்கு. திரும்பும்போது அங்க மதியம் 3 மணிக்கு ஏறினா இங்க மறுநாள் காலைல 5.30. போக ஆறரை மணி, வர பதினாலரையா? பூமி சுத்துறதாலதான்னு பக்கத்து வீட்டுத் தம்பி சொல்றான், நிஜமா?
- ஒரு வாசகி, தாம்பரம்

பதில்: பாட்டி ஆகப்போறீங்க, வாழ்த்துகள்மா! டிக்கெட்ல எப்பவுமே அந்தந்த ஊர் நேரத்தைத்தான் போடுவாங்க, ஜூன்ல லண்டன் நமக்கு நாலரை மணி நேரம் பின்னாடி இருக்கும் (அக்டோபர் கடைசி ஞாயிறு கடிகாரத்தைத் திருப்பி வச்சிடுவாங்க, அப்போ ஐந்தரை). அதனால போகும்போது ஆறரையோட நாலரையைக் கூட்டுங்க, 11 மணி நேரம். வரும்போது பதினாலரைல நாலரையைக் கழிங்க, 10 மணி நேரம்.

சரி, ரெண்டுக்கும் நடுவுல அந்த ஒரு மணி நேரம் எங்க போச்சு? பூமி சுத்துறது காரணமில்லை, ஏன்னா காத்தும் பூமியோட சேர்ந்தேதான் சுத்துது, ஓடுற ரயிலுக்குள்ள பறக்குற ஈ பின்னாடி போய் ஒட்டிக்கிறதில்லையே அது மாதிரிதான். நிஜக் காரணம் ஜெட் ஸ்ட்ரீம், சுமார் 10 கிலோமீட்டர் உயரத்துல மேற்கிலிருந்து கிழக்கா அடிக்கிற பலமான காத்து. லண்டன் போறப்போ எதிர்க்காத்து, வர்றப்போ முதுகுல தள்ளி விடும். சீட்டுக்கு முன்னாடி இருக்குற ஸ்கிரீன்ல மேப் போட்டுப் பாருங்க, க்ரவுண்ட் ஸ்பீடுன்னு (தரையை வச்சுப் பார்த்தா விமானம் போற வேகம்) ஒரு நம்பர் ஓடும், போகும்போது எவ்வளவு, வரும்போது எவ்வளவுன்னு வீட்டுக்காரரைக் குறிச்சு வச்சுக்கச் சொல்லுங்க, தம்பிக்கு அதுவே பதில்.

தூரம் நேர்கோட்டுல சுமார் 8,200 கிலோமீட்டர். ஆனா விமானம் அந்தக் கோட்டுலயே போகாது, 2022 பிப்ரவரில இருந்து உக்ரைன் வான்வெளி மூடியிருக்கு, பிரிட்டிஷ் விமானங்களை ரஷ்யாவும் விடுறதில்லை, அதனால சுத்திப் போற தூரமும் சேரும்.

கேள்வி: துபாய் வழியா போனா தூரம் ரொம்ப கூடுமா?
- ஒரு வாசகர், அண்ணா நகர்

பதில்: கூடாது சார். சென்னை - துபாய் சுமார் 2,900, துபாய் - லண்டன் சுமார் 5,500, மொத்தமே 200 கிலோமீட்டர் சொச்சம்தான் அதிகம். நேரம் போறது நடுவுல காத்திருக்குறதுலதான், அதனால கிலோமீட்டரைப் பார்க்காம மொத்தப் பயண நேரத்தைப் பார்த்து புக் பண்ணுங்க, வயசானவங்க போனா கொஞ்சம் காசு கூடினாலும் நேரா போற ஃப்ளைட்தான் என் ஓட்டு.

தாம்பரம் அம்மாவுக்கு இன்னொண்ணு. விடியக்காலை ஃப்ளைட்டுல நிறைய பேர் கோட்டை விடுறது தேதிலதான். டிக்கெட்ல ஞாயிறு 5.30ன்னா, 3 மணி நேரம் முன்னாடி மீனம்பாக்கத்துல இருக்கணும், அப்போ சனிக்கிழமை ராத்திரி சாப்பிட்டு முடிச்சதும் பெட்டி வாசலுக்கு வந்திடணும். கால் டாக்ஸி ராத்திரி ஒன்றரைக்குன்னா ஞாயிறு தேதி போட்டு புக் பண்ணுங்க, சனின்னு போட்டா வண்டி ஒரு நாள் முன்னாடியே வந்து நிக்கும்.