பார்ப்பதற்கு முன்பே புரிய வேண்டுமா?

அன்புள்ள எழுத்தாளருக்கு,

வணக்கம். நான் கணக்கு எழுதும் வேலையில் இருப்பவன். கவிதை வாசிப்பேன், பாட்டு கேட்பேன். ஓவியம் மட்டும் என்னோடு ஒட்டவே இல்லை. சென்ற வாரம் நண்பர் ஒருவர் கூப்பிட்டதால் ஓர் ஓவியக் கண்காட்சிக்குப் போனேன். அரை மணி நேரத்தில் நாற்பது படங்களையும் பார்த்து முடித்துவிட்டேன். அதில் ஒரு பெரிய படம். முழுக்கச் சாம்பல் நிறம், அடியில் ஒரே ஒரு சிவப்புக் கோடு. அதன் முன்னால் ஒரு பெண்மணி பத்து நிமிடத்துக்கு மேல் நின்றுகொண்டிருந்தார். எனக்கோ 'இதை என் மகனே வரைந்துவிடுவானே' என்றுதான் தோன்றியது. அப்படித் தோன்றியதற்காக வெட்கமும் பட்டேன்.

நண்பரிடம் கேட்டதற்கு, "புரிஞ்சுக்க முயற்சி பண்ணாதே, உணர்ந்தாலே போதும்" என்றார். உணரவும் முடியவில்லை என்பதுதானே என் பிரச்சினை? யூடியூபில் இம்ப்ரெஷனிசம், க்யூபிசம் என்று ஓவியப் பாணிகளை வரிசையாகப் பார்த்தேன். பெயர்கள் மனப்பாடம் ஆனதுதான் மிச்சம். கலைக்கு உண்மையில் என்ன பொருள்? ரசனை சிலருக்கு மட்டும் பிறவியிலேயே வருவதா, கற்றுக்கொள்ள முடியுமா? முடியும் என்றால் எங்கே தொடங்குவது? கண்காட்சி இன்னும் பத்து நாள் இருக்கிறது.

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்)

*

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் அந்த வெட்கத்தை விட்டுவிடுங்கள். நாற்பது படம், அரை மணி நேரம் என்றால் ஒரு படத்துக்கு முக்கால் நிமிடம். நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் பார்வையாளர்கள் ஒரு படத்தின் முன் எவ்வளவு நேரம் நிற்கிறார்கள் என்று அளந்து பார்த்த ஓர் ஆய்வு 2001இல் வெளியானது. உலகப் புகழ்பெற்ற ஓவியங்களின் முன்னால் அவர்கள் நின்ற சராசரி நேரம் சுமார் 27 வினாடி. பாதிப் பார்வைகள் 17 வினாடிக்குள்ளேயே முடிந்துவிட்டன. ஆகவே உங்களுக்கு நேர்ந்தது உங்களுக்கு மட்டும் நேர்ந்தது இல்லை.

உங்கள் நண்பர் நல்ல எண்ணத்தோடுதான் சொல்லியிருக்கிறார். ஆனால் அந்த அறிவுரையை என்னால் ஏற்க முடியவில்லை. 'புரிந்துகொள்' என்பவரும் 'உணர்ந்தால் போதும்' என்பவரும் ஒரே இடத்தைத் தாண்டிக் குதிக்கிறார்கள். இரண்டுக்கும் முன்னால் பார்த்தல் என்று ஒன்று இருக்கிறது. அது தானாக நடப்பதில்லை. கண் திறந்திருந்தால் பார்த்துவிட்டோம் என்று நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் 'இது மரம், இது பெண், இது ஒன்றுமில்லை' என்று பெயர் வைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறோம். சாலையைக் கடக்க அந்தப் பார்வை போதும். ஓவியத்துக்குப் போதாது.

ஒரு படத்தை எடுத்துக்கொண்டே பேசலாம். டச்சு ஓவியர் வெர்மீர் 1660ஐ ஒட்டி வரைந்த 'பால் ஊற்றும் பெண்'. ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இணையத்தில் நல்ல பிரதி கிடைக்கும், பெரிதாக்கிப் பாருங்கள். ஒரு பணிப்பெண் ஜாடியிலிருந்து மண்கலத்தில் பால் ஊற்றுகிறாள். இடப்பக்கம் ஜன்னல். மேசையில் ரொட்டி. பின்னால் வெறும் சுவர். கதை என்று பார்த்தால் இவ்வளவுதான். 27 வினாடிகூடத் தேவையில்லை.

சரி, இப்போது அந்த வெறும் சுவரைப் பாருங்கள். அது வெறும் சுவர் இல்லை. மேலே ஓர் ஆணி அடித்திருக்கிறது, அந்த ஆணிக்கு ஒரு சின்ன நிழலும் உண்டு. வேறு ஆணிகளைப் பிடுங்கிய ஓட்டைகள் இருக்கின்றன. ஜன்னலில் ஒரு கண்ணாடிச் சில்லு உடைந்திருக்கிறது. அந்த வீட்டில் யாரோ எதையோ மாட்டினார்கள், பிறகு எடுத்தார்கள். இந்தப் பெண்ணுக்கு முன்னும் பின்னும் அங்கே வாழ்க்கை ஓடிக்கொண்டிருக்கிறது.

அப்புறம் அவளுடைய வலப்பக்க விளிம்பு. ஜன்னல் வெளிச்சம் இடப்பக்கத்திலிருந்து வருவதால் அவள் உடலின் வலப்பக்கம் நிழலில் இருக்கிறது, அதற்குப் பின்னால் உள்ள சுவரோ பளிச்சென்று இருக்கிறது. அந்த விளிம்பை ஒட்டி மெல்லிய வெள்ளைக் கோடு ஒன்றை ஓடவிட்டிருக்கிறார் வெர்மீர். இயற்கையில் அப்படி ஒரு கோடு கிடையாது. ஆனால் அந்தக் கோட்டினால்தான் அவள் சுவரிலிருந்து பிரிந்து, கனத்தோடு, நம் முன்னால் நிற்கிறாள். அவள் இடுப்பில் கட்டியிருக்கும் ஏப்ரனின் நீலம் லாபிஸ் லசூலி என்ற கல்லை அரைத்து எடுத்த அல்ட்ராமரைன். அந்தக் காலத்தில் மிக விலை உயர்ந்த நிறமி அது. அதைத்தான் ஒரு பணிப்பெண்ணின் உடைக்குக் கொடுத்திருக்கிறார்.

இன்னொன்றும் தெரியவந்தது. 2022இல் அந்த அருங்காட்சியகத்தின் ஆய்வாளர்கள் நவீன ஸ்கேன் கருவிகளால் இந்தப் படத்தை ஆராய்ந்தபோது, அவள் தலைக்குப் பின்னால் ஜாடிகள் தொங்கும் ஒரு பலகையை வெர்மீர் முதலில் வரைந்திருந்தது தெரிந்தது. கீழே வலப்பக்க மூலையில் நெருப்புக் கூடை ஒன்றும் இருந்திருக்கிறது. இரண்டையும் அவரே பிறகு மறைத்துவிட்டார். பலகை இருந்த இடம்தான் இன்று நாம் பார்க்கும் வெறும் சுவர். யோசித்துப் பாருங்கள், அந்த வெறுமை வரைய விட்டுப்போன இடம் அல்ல, வரைந்ததை அழித்து அடைந்த இடம். எல்லாம் அசைவற்றுக் கிடக்கும் அந்த அறையில் அசைவது ஒன்றே ஒன்றுதான், ஜாடியிலிருந்து இறங்கும் அந்த மெல்லிய பால் தாரை. பின்னால் ஜாடிகள் வரிசையாகத் தொங்கியிருந்தால் நம் கண் அந்தத் தாரையிடம் இவ்வளவு நேரம் நின்றிருக்குமா?

இங்கேதான் உங்கள் முதல் கேள்வி வருகிறது. இந்தப் படத்துக்கு என்ன பொருள்? 'எளிய உழைப்பின் மேன்மை' என்று ஒரு வரியில் சொல்லிவிடலாம். தவறில்லை. ஆனால் அந்த வரியைப் படத்தைப் பார்க்காத ஒருவரும் சொல்லிவிட முடியும். நீங்கள் கவிதை வாசிப்பவர் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் ஒரு நல்ல கவிதைக்கும் அதன் பொழிப்புரைக்கும் உள்ள தூரம் உங்களுக்குத் தெரியும். பொழிப்புரையில் எல்லாச் சொற்களின் பொருளும் இருக்கும், கவிதை இருக்காது. ஓவியத்திலும் அப்படியே. 'இதற்கு என்ன பொருள்' என்று கேட்கும்போது நாம் பெரும்பாலும் பொழிப்புரையைத்தான் கேட்கிறோம். பொருளோ அந்த ஆணியின் நிழலில் இருக்கிறது, அந்த வெள்ளைக் கோட்டில் இருக்கிறது, அழிக்கப்பட்ட பலகையில் இருக்கிறது. படத்துக்குப் பின்னால் ஒளித்துவைத்த விடை என்று ஒன்று இல்லை.

பின்னணி தெரிந்தால் உதவாதா என்று கேட்பீர்கள். உதவும், சில படங்களுக்கு மிகவும் உதவும். ஸ்பெயின் ஓவியர் பிக்காசோவின் 'கெர்னிக்கா'வை எடுத்துக்கொள்ளுங்கள். 1937 ஏப்ரல் 26 அன்று, ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் தளபதி பிராங்கோவுக்கு ஆதரவாக வந்த ஜெர்மானிய, இத்தாலிய விமானங்கள் கெர்னிக்கா என்ற ஊரின்மீது குண்டு வீசின. பாரிஸில் இருந்த பிக்காசோவுக்கு அந்தச் செய்தி பத்திரிகைகள் வழியாகத்தான் வந்தது. சில வாரங்களில் இந்த ஓவியத்தை முடித்தார். இதைத் தெரிந்துகொண்டு படத்துக்குத் திரும்புங்கள். குண்டு இல்லை, விமானம் இல்லை, சீருடை அணிந்த எதிரி இல்லை. அலறும் குதிரை, இறந்த குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு வானத்தைப் பார்த்துக் கதறும் தாய், நெருப்பில் கைகளைத் தூக்கி நிற்கும் ஒருத்தி, உடைந்த வாளைப் பிடித்தபடி கிடக்கும் ஒருவன், அந்தக் கைக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பூ. நிறம் என்று பார்த்தால் கறுப்பு, வெள்ளை, சாம்பல் மட்டும். குதிரையின் உடலெங்கும் சின்னச் சின்னக் கோடுகள், அச்செழுத்து வரிகளைப் போல. பத்திரிகையில் படித்த சாவு அது என்று தெரிந்த பிறகு அந்தச் சாம்பல் நிறம் வேறு மாதிரி தெரிகிறது.

ஆனால் வரிசையைக் கவனியுங்கள். பார்த்தேன், தகவலைத் தெரிந்துகொண்டேன், மறுபடியும் பார்த்தேன். நாம் பெரும்பாலும் முதலில் படத்தின் பக்கத்தில் ஒட்டியிருக்கும் குறிப்பைப் படிக்கிறோம், பிறகு படத்தை நிமிர்ந்து பார்த்து 'ஆமாம்' என்று சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போகிறோம். கெர்னிக்காவில் இருக்கும் காளை எதைக் குறிக்கிறது என்பதில் இன்றுவரை ஒருமித்த கருத்து கிடையாது. கொடூரம் என்கிறார்கள், ஸ்பெயின் மக்கள் என்கிறார்கள். அந்த விவாதம் முடியும்வரை அந்தத் தாயின் கழுத்து வளைந்திருக்கும் விதத்தைப் பார்க்காமல் இருக்க வேண்டுமா என்ன?

அளவையும் சொல்ல வேண்டும். கெர்னிக்காவின் அகலம் ஏறத்தாழ 7.8 மீட்டர், உயரம் 3.5 மீட்டர். வெர்மீரின் படமோ 45.5 சென்டிமீட்டர் உயரம்தான். ஒன்று உங்களைச் சூழ்ந்துகொள்ளும், இன்னொன்று உங்களைக் கிட்டே வரச் சொல்லும். கைபேசியில் இரண்டும் ஒரே அளவு. ஓவியம் உங்களோடு ஒட்டாமல் போனதற்கு யூடியூப் ஓரளவு காரணமாக இருக்கலாம்.

இனி உங்கள் மகன் விஷயம். அந்தக் கேள்வியை நான் மதிக்கிறேன், அது நேர்மையான கேள்வி. இதே பிக்காசோ 1945 டிசம்பரில் ஒரு காளையைக் கல்லச்சில், அதாவது கல்லில் வரைந்து தாளில் அச்செடுக்கும் முறையில், வரையத் தொடங்கினார். முதலில் ரோமமும் சதையுமாக ஒரு நிஜக் காளை. பிறகு அதே கல்லில் மாற்றிக்கொண்டே போனார். தசைகளைப் பகுதிகளாகப் பிரித்தார், பகுதிகளைக் கோடுகளாக்கினார், கோடுகளைக் குறைத்தார். அடுத்த மாதம் பதினோராவது நிலையில் சில கோடுகள் மட்டும் மிஞ்சின. அந்தக் கடைசிப் படத்தை மட்டும் காட்டினால் 'என் மகன் வரைவான்' என்று யாரும் சொல்வார்கள். பதினொன்றையும் வரிசையாகப் பார்த்தவர் சொல்ல மாட்டார். எதை எடுத்தாலும் அது காளையாகவே நிற்கிறது, எதை எடுத்தால் நிற்காது என்று ஒவ்வொரு படியிலும் சோதித்திருக்கிறார்.

இதற்காக எல்லா எளிய படங்களும் ஆழமானவை என்று நான் சொல்ல வரவில்லை. மோசமான அரூப ஓவியங்கள் நிறைய உண்டு, மோசமான கவிதைகளைப் போலவே. நீங்கள் பார்த்த சாம்பல் நிறப் படம் அப்படிப்பட்டதாகவே இருக்கலாம். 'நன்றாக இல்லை' என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு. பார்த்துவிட்டுச் சொல்லுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள்.

கலை என்றால் என்ன என்ற வரையறைக்குள் நான் அதிகம் போகப் போவதில்லை. இயற்கையைப் போலச் செய்தல் என்றார்கள், உணர்ச்சியின் வெளிப்பாடு என்றார்கள், வடிவ ஒழுங்கு என்றார்கள். ஒவ்வொரு வரையறையையும் உடைக்க ஒரு கலைஞர் வந்துவிடுகிறார். 1917இல் மார்செல் டுஷாம்ப் என்ற பிரெஞ்சுக் கலைஞர் கடையில் வாங்கிய ஒரு சிறுநீர்க் கோப்பையில் 'ஆர். மட்' என்று கையெழுத்திட்டுக் கண்காட்சிக்கு அனுப்பினார். கட்டணம் செலுத்திய எவருடைய படைப்பையும் ஏற்பதாக அறிவித்திருந்த அமைப்பு அதை வைக்க மறுத்தது. அன்று தொடங்கிய வாக்குவாதம் இன்னும் முடியவில்லை. சுவாரசியமான வாக்குவாதம்தான், ஆனால் தொடங்குகிறவருக்கு அது வாசல் இல்லை.

ரசனையைக் கற்றுக்கொள்ள முடியுமா? முடியும். நானே அப்படிக் கற்றுக்கொண்டவன்தான். பல வருடங்கள் எனக்கும் நவீன ஓவியம் அடைத்த கதவாகத்தான் இருந்தது. திறந்துவிட்டது ஒரு பழக்கம். கண்காட்சிக்குப் போனால் ஒரு சுற்று சுற்றிவிட்டு ஒரே ஒரு படத்தைத் தேர்ந்துகொள்வேன். பிடித்ததாக இருக்க வேண்டியதில்லை, எரிச்சலூட்டியதாகவும் இருக்கலாம். குறிப்பைப் படிக்காமல் பத்து நிமிடம் அதன் முன் நிற்பேன். கையில் ஒரு நோட்டும் பென்சிலும். படத்தைக் கோணல்மாணலாகப் பிரதி எடுப்பேன். எனக்கு வரைய வராது, அதனால் பரவாயில்லை. எந்த இடத்தில் என் கை தடுமாறுகிறதோ அந்த இடத்தை நான் சரியாகப் பார்க்கவில்லை என்று அர்த்தம். மூன்றாவது நிமிடத்தில் சலிப்பு வரும், கால் நகரப் பார்க்கும். ஐந்தாவது நிமிடத்துக்குப் பிறகு பெரும்பாலும் ஏதோ ஒன்று கண்ணில் படும், அதுவரை இல்லாத ஒன்று. சில நாள் எதுவும் படாமலும் போகும்.

உணர்ச்சி அதற்குப் பிறகு வரட்டும். தொல்காப்பியம் நகை, அழுகை, அச்சம் என்று எட்டு உணர்வுகளைச் சொல்லி அவற்றுக்கு மெய்ப்பாடு என்று பெயர் வைக்கிறது. மெய் என்றால் உடல். மனதில் எழுவது உடலில் தெரிவது. படத்தின் முன்னாலும் முதல் அறிகுறி அங்கேதான் கிடைக்கும். மூச்சு கொஞ்சம் மெதுவாகும், அல்லது அரை அடி பின்னால் நகர்ந்திருப்போம், ஏன் என்று பிறகுதான் யோசிப்போம். 'நான் என்ன உணர்கிறேன்' என்று உள்ளே தேடிக்கொண்டிருந்தால் அது வராது. வெளியே, படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் வரும்.

கண்காட்சி இன்னும் பத்து நாள் என்று எழுதியிருக்கிறீர்கள். மற்ற முப்பத்தொன்பது படங்களை விட்டுவிடுங்கள். அந்தச் சாம்பல் நிறப் படத்திடம் மட்டும் போங்கள். அந்தச் சாம்பல் ஒரே சாம்பல்தானா, அடியில் வேறு நிறம் ஏதாவது தெரிகிறதா? சிவப்புக் கோடு இரண்டு ஓரங்களையும் தொடுகிறதா, தொடாமல் நின்றுவிடுகிறதா? கோட்டைக் கட்டைவிரலால் மறைத்துப் பாருங்கள், மேலே உள்ள சாம்பலுக்கு என்ன ஆகிறது? பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள். படம் பிடித்திருந்ததா என்பதை இரண்டாவதாக எழுதினால் போதும்.

அன்புடன்.