அந்த ரப்பர் ஷீட்டைத் துவைத்தது யார்?

கேள்வி: எனக்கு ஊர் சேலம். ஓய்வு பெற்று ஏழு மாதம் ஆகிறது. கல்யாணமாகி 29 வருடத்தில் முதல் தடவையாக நானும் மனைவியும் மட்டும் வால்பாறைக்குப் போய், ஒரு எஸ்டேட் பங்களாவில் மூன்று நாள் தங்கினோம். அவள் அவ்வளவு சந்தோஷமாக இருந்தாள். இறங்கும்போது ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவில் காரை நிறுத்தி ஆழியாறு அணையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அப்போது, "என்னங்க, நான் பொள்ளாச்சியில இறங்கிக்கட்டுமா? அம்மாகூட ஒரு மாசம் இருந்துட்டு வர்றேன்" என்றாள். அத்தைக்கு இடுப்பு எலும்பு முறிந்து ஆபரேஷன் ஆகி மூன்று வாரம் ஆகிறது. நான் மறுக்கவில்லை. ஆனால் டிக்கியிலிருந்து அவள் இறக்கிய பையில், ஆறு வருடத்துக்கு முன் என் அம்மா படுக்கையில் கிடந்தபோது வாங்கிய ரப்பர் ஷீட் இருந்தது! அப்படியானால் சேலத்தில் கிளம்பும்போதே முடிவு செய்துவிட்டாள்தானே? நாலரை மணி நேரம் தனியாகக் காரை ஓட்டிக்கொண்டு வந்தேன். வீட்டில் ஃப்ரிட்ஜைத் திறந்தால் இட்லி மாவு, புளிக்காய்ச்சல் எல்லாம் தயாராக இருக்கிறது. அந்த மூன்று நாள் சிரிப்பும் நடிப்புதானா? அவளுக்குத் திருப்பூரில் அண்ணன் இருக்கிறார், அவர் பார்க்கக் கூடாதா?

பதில்: சிரிப்பு நடிப்பா என்பதை அப்புறம் பார்க்கலாம். உங்கள் கடிதத்தில் அந்த ரப்பர் ஷீட்டைத் தாண்டி என்னால் போக முடியவில்லை.

என் அம்மா படுக்கையில் கிடந்தபோது வாங்கியது என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். வாங்கியது நீங்களாக இருக்கலாம். துவைத்தது யார்? ராத்திரி இரண்டு மணிக்கு நனைந்துபோனால் எழுந்து விளக்கைப் போட்டு, அம்மாவை ஒருக்களித்துப் பிடித்து, அடியிலிருந்து ஷீட்டை உருவி, உடம்பைத் துடைத்து, பழைய காட்டன் சேலையை நாலாக மடித்து விரித்துத் திரும்பப் படுக்க வைத்தது யார்? என் அம்மாவுக்கு ஐந்து மாதம் நான் இதைச் செய்திருக்கிறேன், அதனால்தான் கேட்கிறேன். அந்த ஷீட்டை வெயிலில் காயப் போட்டால் விறைத்துப்போகும், நிழலில்தான் போட வேண்டும். மடித்து வைத்தால் மடிப்பில் விரிசல் விடும். பவுடர் தூவி, சுருட்டி வைக்க வேண்டும். ஆறு வருடம் கழித்தும் அது இன்னொரு நோயாளிக்கு விரிக்கிற நிலையில் இருக்கிறதென்றால், ஒருவர் அதை அப்படிப் பத்திரப்படுத்தியிருக்கிறார். பரணில் அது எந்த மூலையில் இருக்கிறது என்று உங்கள் வீட்டில் யாருக்குத் தெரிந்ததோ, அவர்தான் துவைத்தவர்.

உங்கள் அம்மாவுக்கு இத்தனையும் செய்தவர் தன் அம்மாவுக்குச் செய்யப் போவதை ஏமாற்று என்று எழுத உங்களுக்கு எப்படி மனம் வந்தது?

கிளம்பும்போதே முடிவு செய்துவிட்டாள்தானே என்று கேட்கிறீர்கள். ஆமாம், செய்துவிட்டார். பெற்றவள் இடுப்பு ஒடிந்து கிடக்கும்போது மகள் வேறு என்ன முடிவு செய்வாள்? முன்பே சொல்லியிருக்கலாம், அதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஏன் சொல்லவில்லை என்பதுதான் நீங்கள் உட்கார்ந்து யோசிக்க வேண்டியது. அந்த மலைப்பாதையில் 40 வளைவுகள், எண் அடிவாரத்திலிருந்து தொடங்குகிறது. 31 வளைவு இறங்கும் வரை அவர் வாயைத் திறக்கவில்லை. அம்மாவைப் பார்க்கப் போகட்டுமா என்று இதற்கு முன் அவர் கேட்டபோதெல்லாம் நீங்கள் என்ன சொன்னீர்கள்? "போயிட்டு சாயங்காலமே வந்துடு" என்றா? "எனக்குச் சாப்பாடு?" என்றா? சாப்பாட்டுக் கேள்வி வரும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. பதிலை மாவாகவும் புளிக்காய்ச்சலாகவும் ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

இன்னொன்று. சேலத்திலிருந்து வால்பாறைக்குப் பொள்ளாச்சி வழியாகத்தானே போயிருப்பீர்கள்? போகும்போது அத்தை வீட்டில் பத்து நிமிடம் நின்றதாக உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. பெற்ற தாய் படுத்திருக்கிற ஊரை உங்கள் மனைவி கார் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே மலை ஏறியிருக்கிறார். அதற்குப் பிறகும் மூன்று நாள் உங்களோடு சிரித்திருக்கிறார். அது நடிப்பா என்று என்னிடம் கேட்காதீர்கள். நேரில் போய் அவரிடம் கேளுங்கள், கேட்க முகம் இருந்தால்.

அண்ணன் விஷயத்துக்கு வருகிறேன். அவரும் பார்க்கத்தான் வேண்டும், விட்டுவிடச் சொல்லவில்லை. ஆனால் அண்ணன் இருப்பதால் தங்கைக்குக் கடமை இல்லை என்று ஆகாது. 2007-ஆம் ஆண்டுப் பெற்றோர் பராமரிப்புச் சட்டம் பிள்ளைகள் என்று சொல்லும்போது மகனையும் மகளையும் சேர்த்தே சொல்கிறது. 2005-இல் இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தி, பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான பங்கு கொடுத்தார்கள். பங்கு கேட்கும்போது மட்டும் மகள், பணிவிடைக்கு மகன் வீடு என்று பேசுகிற குடும்பங்களைப் பார்த்துப் பார்த்து எனக்குச் சலித்துவிட்டது. அந்தப் பணிவிடையையும் மகனா செய்கிறான்? மருமகள் செய்கிறாள். உங்கள் வீட்டில் நடந்ததும் அதுதானே?

நாலரை மணி நேரம் தனியாக ஓட்டி வந்ததை உங்களுக்குக் கிடைத்த தண்டனை மாதிரி எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் விஜயமங்கலம் டோல்கேட்டில் நின்றுகொண்டிருந்த நேரத்தில் அவர் அநேகமாக அந்த ஷீட்டை விரித்துக்கொண்டிருந்திருப்பார்.

சரி, இனி ஆக வேண்டியதைச் சொல்கிறேன். வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டீர்கள், காரும் இருக்கிறது. நாளைக்கே பொள்ளாச்சிக்குக் கிளம்புங்கள். மாமியார் வீட்டில் மருமகன் போய் மாதக்கணக்கில் உட்காருவதா என்று ஊர் பேசினால் பேசட்டும். படுத்தே இருக்கிறவர்களை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும், இல்லையென்றால் படுக்கைப் புண் வந்துவிடும். ஒற்றை ஆளாக உங்கள் மனைவி அதை இரவும் பகலும் செய்தால் அடுத்து இடுப்பு போவது அவருக்குத்தான். வாக்கர் பிடித்து எப்போது நிற்க வைக்கலாம் என்று ஆபரேஷன் செய்த டாக்டரிடம் கேளுங்கள். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை சிகிச்சையை வீட்டுக்கே வந்து கொடுக்கிறார்கள். பக்கத்து அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள். மறுபரிசோதனைக்கு அழைத்துப்போக, முன் சீட்டைப் பின்னால் தள்ளி, சாய்த்து வைத்த கார் வேண்டும். அது உங்களிடம் இருக்கிறது.

அத்தைக்கு உடம்பு துடைத்துவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை, அவருக்கே கூச்சமாக இருக்கும். ஆனால் ஷீட்டை அலசி நிழலில் போடலாம். ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து மறுபக்கம் பிடிக்கலாம்.

ஃப்ரிட்ஜில் இருக்கிற மாவையும் புளிக்காய்ச்சலையும் டப்பாவோடு எடுத்துப் போங்கள், அங்கே ஒரு வேளைச் சமையல் மிச்சமாகும். உங்கள் அம்மாவுக்கு விரித்த பழைய காட்டன் சேலைகள் வீட்டில் இன்னும் இருந்தால் அவையும் வேண்டியிருக்கும். எங்கே இருக்கின்றன என்று தெரியாவிட்டால் மனைவிக்குப் போன் போட்டுக் கேளுங்கள்.